பதிமூன்றைப் பதினெட்டாக்கிய முப்பது அடி கேபிள்

போன மாதம் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது.

"சார், ஆபீசுக்குப் புது மானிட்டர் வாங்கியிருக்கேன். செகண்டுக்கு நூத்தி நாப்பத்திநாலு தடவை படம் மாறும்னு டப்பா மேல போட்டிருக்கு. ஆனா அறுபதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. கடையிலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்துட்டு, மானிட்டர்ல ஒண்ணுமில்ல மேடம்ங்கறார். வயசானா அந்த வித்தியாசமெல்லாம் கண்ணுக்குத் தெரியாதாம். நீங்க சொல்லுங்க சார். கண்ணா, கேபிளா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, என்ன ஆயிற்று என்று முதுகைத் தட்டினாள். போனின் மறுமுனையிலும் சிரிப்புதான். இரண்டு கிழங்கள் ஐந்து நிமிடம் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

போன் செய்தவர் அமுதவல்லி. அவருடைய வேலையை ஒரு காலத்தில் நான் காலி பண்ணப் பார்த்தேன். கெட்ட எண்ணத்தில் அல்ல, முழுத் திறமையோடும் பெருமையோடும். அதைத்தான் எழுதப் போகிறேன். கேபிளுக்கு வேகம் உண்டா, எல்லாக் கேபிளும் ஒன்றுதானே என்று என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளெல்லாம் இப்போது கேட்கிறார்கள். அவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது.

நான் தனகோபால். தாம்பரத்துக்காரன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, எண்பதுகளில் நாலு வருஷம் டிவி ரிப்பேர் பார்த்து, இரண்டு தடவை ஷாக் அடித்து, ஒரு தடவை ஷாக் அடித்தும் கற்றுக்கொள்ளாமல், கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். பச்சை எழுத்து மானிட்டர் போய்க் கலர் மானிட்டர் வந்துகொண்டிருந்த நேரம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூசி தட்டினேன், டீ வாங்கினேன், திருகாணிகளைத் தொலைத்தேன்.

சொல்ல வேண்டியது எங்கள் சர்வீஸ் மேனேஜர் எபிநேசர் சாரைப் பற்றி. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். கெட்டுப்போன மானிட்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடம் திருப்புளியைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு பார்க்க மட்டும்தான் வேண்டும். "கை உள்ள இருந்தாத்தான் கண்ணு வேலை செய்யும்" என்பார். அவர் கோபப்பட்டுக் கத்தி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக "தனகோபால்". கொஞ்சம் கோபம் என்றால் "தனகோபால் சார்". "தனகோபால் அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டால் பட்டறை முழுக்கக் குனிந்து வேலை பார்க்கும்.

அவருடைய இன்னொரு முறை தட்டை டெஸ்ட். டிபன் பாக்ஸில் எப்போதும் நாலு தட்டை இருக்கும். மானிட்டர் முன்னால் நின்று ஒரு தட்டையை நொறுக்நொறுக்கென்று கடிப்பார். கடிக்கும்போது மண்டை அதிரும். படம் செகண்டுக்கு அறுபது தடவைதான் மாறுகிறது என்றால், அந்த அதிர்வில் திரையில் எழுத்தெல்லாம் நெளிந்து ஆடும். வேகம் கூடக் கூட ஆட்டம் அடங்கும். பெரிய மீட்டர் வாங்கக் கம்பெனியில் வசதி இல்லை, தட்டை மலிவு. நாங்கள் ஏழு பேரும் வரிசையாக நின்று தட்டை கடித்துக்கொண்டே மானிட்டரைப் பார்ப்பதை ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனதும் உண்டு.

மூன்றாவது சட்டம்தான் என்னை மாட்டிவிட்டது. யார் கேபிள் செய்தாலும் அதன் முனையில் மஞ்சள் உறை மாட்டி, அதில் செய்தவர் பெயரின் முதல் எழுத்துகளை எழுத வேண்டும். நான் "த.கோ." என்று கொட்டை எழுத்தில் எழுதுவேன். கேபிள் செய்வதில் எனக்கு அவ்வளவு கர்வம். சால்டர் வைத்தால் முத்து மாதிரி இருக்கும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனி. இயந்திர உதிரிப் பாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பார்கள். மேனேஜர் சம்பத் சாருக்கு மனிதர்களைவிடக் கம்ப்யூட்டர் மேல் பாசம் அதிகம். ஏசி போட்டது கம்ப்யூட்டருக்கு மட்டும். கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் ஸ்வெட்டர் கேட்கிற குளிரில் இருக்கும். வெளியே ஹாலில் பத்துப் பேர் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருப்பார்கள். மானிட்டரும் கீபோர்டும் மட்டும் ஹாலில் வேண்டும் என்றார். நான் முப்பது அடிக்கு ஒரு கேபிள் செய்தேன். டெலிபோன் இணைப்புக்குப் போடுகிற, உள்ளே நிறைய நரம்பு ஓடும் ஒயர். அந்த அலுவலக உதவியாளர் முனுசாமி சுவரில் ஓட்டை போட, நான் கேபிளை இழுத்துவிட்டேன். மானிட்டரில் படம் வந்தது.

"சார், எழுத்து சொம்மா போல்டா கீது சார்!" என்றார் முனுசாமி.

எனக்கும் பெருமையாக இருந்தது. கேபிள் அப்போதே எனக்கு ஒரு செய்தி சொல்லியிருக்கிறது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூன்று வருஷம் ஒரு புகாரும் இல்லை. பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், அதே இடத்துக்கு இருபது அங்குலத்தில் ஒரு பெரிய மானிட்டரும் அதற்கேற்ற கார்டும் வாங்கினார்கள். குறுக்கே 1280 புள்ளி, நெடுக்கே 1024, செகண்டுக்கு 75 தடவை. அதன் முன்னால் உட்கார்ந்தவர்தான் அமுதவல்லி. கோவிலம்பாக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். அந்த வீட்டில் பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் பெண். பயிற்சிக் காலம் முடிந்து நிரந்தரம் ஆக இரண்டு மாதம் இருந்தது. திரையில் உள்ள வரைபடத்தைப் பார்த்து, கடைசல் பட்டறைக்கு அளவுப் பட்டியல் எழுதிக் கொடுப்பது அவர் வேலை.

அவர் 18 என்று எழுதிய இடத்தில் இருந்திருக்க வேண்டியது 13. தகடு தகடாகப் பெரிய ஓட்டையோடு வந்து நின்றது. எல்லாம் காயலான் கடைக்குப் போனது. பத்து நாளில் மறுபடியும் அதே தப்பு. அதே 13, அதே 18.

"எனக்குத் திரையில பதினெட்டுன்னுதான் சார் தெரியுது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துல மங்கலா இன்னொரு கோடு நிக்குது" என்று அமுதவல்லி சொன்னார். புகார் எங்களுக்கு வந்தது. எங்கள் தொழிலில் இந்தக் கோளாறுக்குப் பேய் என்று பெயர். புகார்ப் புத்தகத்தில் "மானிட்டரில் பேய்" என்றே எழுதுவோம். அதை முனுசாமி எட்டிப் பார்த்திருக்கிறார். நான் போனபோது மானிட்டரின் நெற்றியில் ஒரு எலுமிச்சம்பழமும் ஐந்து பச்சை மிளகாயும் தொங்கின.

நான் கையைப் பைக்குள் விட்டேனா? இல்லை. பத்து நிமிடம் பார்த்தேனா? இல்லை. எலுமிச்சம்பழத்தைக் கழற்றி முனுசாமியிடம் கொடுத்துவிட்டு, மானிட்டரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே எங்கள் ஐந்தடிக் கேபிளில் மாட்டினால் படம் பளிங்கு மாதிரி இருந்தது. "மானிட்டரில் குறையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பக் கொண்டுபோய் மாட்டியதும் பேயும் திரும்ப வந்தது. மறுபடி புகார், மறுபடி ஆட்டோ, மறுபடி பளிங்கு, மறுபடி கையெழுத்து. இரண்டாவது தடவை என் மேதாவித்தனத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "பார்ப்பவரின் கண்ணைப் பரிசோதிக்கலாம்."

இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அமுதவல்லி எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார். வெயிலில் நடந்து வந்த முகம், கையில் இரண்டு தாள். எபிநேசர் சாரின் மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், என் கண்ணுல குறையில்லன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார். மானிட்டர்ல குறையில்லன்னு இவர் எழுதிக் கொடுத்துட்டார். அப்போ குறை என் புத்தியிலதான் இருக்குன்னு மேனேஜர் சொல்றார். நாளைக்குச் சாயங்காலத்தோட என்னை வேலையை விட்டு நிறுத்தறாங்க. எங்க வீட்ல வேலைக்கே போக வேணாம்னு சொன்னவங்கதான் ஜாஸ்தி. அவங்க சொன்னது சரின்னு ஆயிடும் சார்."

அழவில்லை. எனக்கு அங்கேயே நின்றுகொண்டிருக்கப் பிடிக்கவில்லை.

எபிநேசர் சார் இரண்டு தாளையும் படித்தார். என்னுடையதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தனகோபால் அவர்களே, நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் அங்க போறோம்."

பட்டறை முழுக்கக் குனிந்துகொண்டது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனோம். சார் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு கையும் பைக்குள். பத்து நிமிடம். ஹாலில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். சம்பத் சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எபிநேசர் சார் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு தட்டையை எடுத்துக் கடித்தார்.

"இன்னா சார், டிபன் டைமா?" என்றார் முனுசாமி.

"எழுத்து ஆடல. வேகம் சரியா இருக்கு. அப்போ வேகம்தான் தொந்தரவு" என்றார் சார். யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

பிறகு அமுதவல்லியிடம், "அம்மா, பழைய மாதிரி கொறைச்ச புள்ளியில போட்டுக் காட்டுங்க" என்றார். அவர் 640-க்கு 480 என்று மாற்றினார். பேய் போய்விட்டது, எழுத்துகள் கொஞ்சம் தடிமனாக நின்றன. மறுபடி 1280-க்கு மாற்றினால் பேய் ஆஜர். சார் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து, ஒரு கோட்டுக்கும் அதன் மங்கல் கோட்டுக்கும் நடுவே அளந்தார். மூன்றரை மில்லிமீட்டர். என் சர்வீஸ் ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு அதன் முதுகிலேயே கணக்குப் போட ஆரம்பித்தார்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். பழைய படத்துக்குக் கேபிள் வழியாகச் செகண்டுக்கு இரண்டரைக் கோடிப் புள்ளி போனால் போதும். புதிய படத்துக்குப் பதிமூன்றரைக் கோடி. ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் அஞ்சில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நாலு பேர் நடந்தால் யாரும் யாரையும் இடிப்பதில்லை. இரண்டு ரயில் ஒன்றாக வந்து கூட்டம் ஓடும்போது, படி முடிகிற இடம் குறுகலாக இருந்தால் முன்னால் போனவன் முட்டித் திரும்பி நம் மேலேயே விழுவான். பொருந்தாத கேபிளில் சிக்னலும் அப்படித்தான். ஒரு பகுதி முனையில் முட்டி, கேபிளின் மறுமுனை வரை திரும்பிப் போய், அங்கும் முட்டி மறுபடி வருகிறது. தாமதமாக வந்ததால் திரையில் வலப்பக்கம் தள்ளி விழுகிறது. அதுதான் பேய். மெதுவான பழைய படத்திலும் அது இருந்தது. தள்ளி விழாமல் அசல் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்ததால், போல்டாக இருக்கிறது என்று நாங்கள் குதித்தோம்.

எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு தூரம் அது போய் வந்திருக்கிறது. மூன்றரை மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டு புள்ளி. பன்னிரண்டு புள்ளி நேரத்தில் சிக்னல் சுமார் அறுபது அடி ஓடும். போய் வர அறுபது என்றால் ஒரு வழிக்கு?

"முப்பது அடி" என்றார் சார். "இங்க முப்பது அடியில என்ன இருக்கு?"

மானிட்டரிலிருந்து சுவர், சுவரிலிருந்து கண்ணாடி அறை. எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் அந்தச் சுவர் ஓட்டை கண்ணில் பட்டது.

சார் இன்னொன்றும் காட்டினார். திரையில் இருந்த 13-ஐச் சுட்டினார். "ஒண்ணோட பேய் பன்னெண்டு புள்ளி தள்ளி விழுது. அங்க என்ன இருக்கு? மூணோட திறந்த வாய். அந்த வாயை இது அடைச்சிடுது. வாய் அடைச்ச மூணு எட்டுதானே? இந்தப் பொண்ணு கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. திரையில இருக்கறதே பதினெட்டுதான்."

அமுதவல்லி வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"யார் போட்ட கேபிள் அது?" என்றார் சம்பத் சார்.

"அந்தப் பக்கத்து முனையில மஞ்சள் உறை இருக்கும். முனுசாமி, போய் யார் பேருன்னு பாத்துட்டு வாங்க" என்றார் எபிநேசர் சார். என்னைப் பார்க்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனுசாமி கண்ணாடி அறைக்குள் போய், குனிந்து, மேஜைக்கு அடியில் நுழைந்தார். என் வாழ்க்கையில் அந்த அரை நிமிடம்தான் மிக நீளமானது. உறை கிழிந்திருக்கக் கூடாதா, எலி கடித்திருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பிறகு பக்கத்தில் அமுதவல்லி நிற்பதைப் பார்த்தேன். கையில் அந்தக் கண் டாக்டர் சீட்டு இன்னும் இருந்தது. என் கை தானாக மேலே போனது, வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற மாதிரி.

"நான் போட்டது சார். ஒயரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். ரெண்டு தடவை மானிட்டரைத் தூக்கினு போனேன், ஒரு தடவைகூடக் கேபிளைப் பாக்கல. என் கேபிள்ல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

அதே நேரத்தில் கண்ணாடி அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "சார்! த.கோ.ன்னு கீது சார்! கொட்ட எழுத்துல எய்திகீது!"

ஹால் முழுக்க வெடித்துச் சிரித்தது. சம்பத் சார் சிரித்தார். வாயிலிருந்த மிச்சத் தட்டையில் எபிநேசர் சாருக்குப் புரை ஏறியது. அமுதவல்லி சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்து அமுதவல்லியின் மேஜைக்கு அடியில் வைத்து, மானிட்டரோடு வந்த கேபிளையே மாட்டினோம். அதற்குள் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக, டிவி ஆன்டெனா ஒயருக்குத் தம்பி மாதிரி மூன்று ஒயர் இருக்கும். நீளம் ஐந்தடி. பேய் ஓடிப்போனது. அமுதவல்லி திரை நிறைய 13, 13, 13 என்று தட்டினார். ஒவ்வொரு மூன்றும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. எலுமிச்சம்பழம்தான் வேலை செய்தது என்று முனுசாமி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்ததால், சம்பத் சார் வேறு வழியில்லாமல் ஹாலுக்கு ஏசி போட்டார். என் தப்பால் பத்துப் பேருக்குக் குளிர்ந்த காற்று கிடைத்தது என்பதை நான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொள்வேன்.

கிளம்பும்போது எபிநேசர் சார் புது ரிப்போர்ட் தாளை என்னிடம் நீட்டினார். "எழுதுங்க தனகோபால்." சார் இல்லை, அவர்களே இல்லை. வெறும் தனகோபால். எனக்குப் போன உயிர் வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "மானிட்டரில் குறையில்லை. பார்ப்பவரின் கண்ணில் குறையில்லை. கேபிளில் குறை. செய்தவன் நான்." கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை அமுதவல்லியிடம் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அவர் வேலை நிரந்தரமானது.

பிறகு ஒவ்வொரு கேபிளையும் போடுமுன் எத்தனை புள்ளி, எத்தனை தடவை, எவ்வளவு நீளம் என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். ஓய்வு பெறும் வரைக்கும் அப்படித்தான். எபிநேசர் சார் இப்போது இல்லை. தட்டை வாங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

போன் வந்த மறுநாள் கோவிலம்பாக்கம் போனேன். அமுதவல்லி அங்கே சொந்தமாக வரைபட அலுவலகம் நடத்துகிறார். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். புது மானிட்டருக்குப் பழைய மானிட்டரோடு வந்த கேபிளையே சொருகியிருந்தார்கள். முனை பொருந்துகிறது, படம் வருகிறது, பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? குறுக்கே 3840, நெடுக்கே 2160 என்றிருக்கும் இந்தப் படத்துக்குச் செகண்டுக்கு நூற்றிருபது கோடிப் புள்ளி போக வேண்டும். பழைய கேபிளுக்கு அதில் பாதிக்கும் தெம்பு இல்லை. இந்தக் காலத்துக் கேபிளில் பேய் வராது. முடியாதென்றால் கமுக்கமாக அறுபதில் நின்றுகொள்ளும், இல்லாவிட்டால் படமே வராது. நான் கொண்டுபோன புதுக் கேபிளை மாட்டினேன். நூற்று நாற்பத்துநாலு என்று வந்தது.

அமுதவல்லி மேஜை இழுப்பறையைத் திறந்தார். தட்டை! ஆளுக்கு ஒன்று எடுத்து, மானிட்டர் முன்னால் நின்று நொறுக்நொறுக்கென்று கடித்தோம். இந்தக் காலத்து மானிட்டர் எந்த வேகத்திலும் ஆடாது என்று இருவருக்கும் தெரியும். ஆறு பேரும் எங்களை அச்சத்தோடு பார்த்தார்கள்.

"இப்ப உங்க கண்ணை டெஸ்ட் பண்ணலாம் சார்" என்றார். என்னைச் சுவர் ஓரமாக நிற்க வைத்து, திரையில் சின்னதாக எதையோ தட்டினார். எனக்குப் போன வருஷம்தான் கண்புரை எடுத்திருந்தார்கள். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தேன்.

"என்ன தெரியுது?"

"பதிமூணு."

அவர் ஒரு தாளை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, மஞ்சள் நிற உறையில் வைத்து என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது பிரித்துப் பார்த்தேன்.

"கேபிளில் குறையில்லை. போட்டவரின் கண்ணிலும் குறையில்லை. அ.வ."